இரவில் மட்டும் முந்தி ஓடிய ஜனதா

“தம்பி, வாட்ச் ஓடுது. ஆனா ராத்திரி ஓடுற ஓட்டம்தான் சரியில்ல.”

சர்வீஸ் செய்து கொடுத்த நாலாம் நாள் காலை. கடை ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன், அதற்குள் அந்தப் பெரியவர் வந்து நின்று சொன்னது இது. படுக்கப் போகும்போது செல்போனைப் பார்த்து மணி வைக்கிறார். விடிந்து பார்த்தால் வாட்ச் ஏழெட்டு நிமிஷம் முன்னால் நிற்கிறது. பகலில் கையில் கட்டியிருக்கும்போது அப்படி எதுவும் இல்லை. மூன்று இரவும் இதே கதை.

வாட்ச் வேகமாக ஓடுகிறது என்று கேட்டதும் காந்தம் ஏறியிருக்கும் என்றுதான் எங்கள் தொழிலில் யாரும் முதலில் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். காரணம் அதுவல்ல. பழைய வாட்ச் சர்வீஸ் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் இந்த வேலையை முதலிலிருந்தே எழுதுகிறேன். நான் கவனிக்காமல் விட்டதையும் சேர்த்துத்தான்.

முதல் முறை வந்தபோது

எச்எம்டி ஜனதா. வெள்ளை டயல், தேவநாகரியில் ‘ஜனதா’ என்ற எழுத்து. உள்ளே 0231 மூவ்மென்ட், அதாவது வாட்ச்சின் இயந்திரம்: கையால் சாவி கொடுப்பது, பதினேழு கல் (உராய்வைக் குறைக்க வைக்கிற சின்னக் கற்கள்), மணிக்கு 18,000 தட்டு, அதாவது நொடிக்கு ஐந்து. பெரியவர் பஞ்சு மில்லில் நிரந்தரமான வருஷம் வாங்கியது. பணி ஓய்வு பெற்றும் வருஷங்கள் ஆகிவிட்டன.

எச்எம்டி, அதாவது ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்கிற பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. 0231 அந்தச் சிட்டிசன் வழியில் வந்த மூவ்மென்ட்தான். நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்குக் கல்யாணம், முதல் சம்பளம், பணி ஓய்வு எதுவானாலும் எச்எம்டிதான். அப்புறம் 1980களில் ஓசூரில் டைட்டன் வந்தது. பேட்டரி போட்ட குவார்ட்ஸ் வாட்ச் வந்ததும் சாவி கொடுக்கிற வழக்கமே குறைந்துபோனது. எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்று 0231க்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் பழைய கடைகளில் மிஞ்சிய சரக்கைத் தேட வேண்டும், இல்லையென்றால் செத்த வாட்ச் ஒன்றைப் பிரிக்க வேண்டும். அளவு பார்த்துப் பாகம் போடுவது போய், கைக்குக் கிடைத்ததைப் போடுகிற நிலை வந்தது இப்படித்தான். இந்த வாட்ச்சுக்கு நேர்ந்ததும் அதுவே.

அன்று அவர் சொன்ன குறை இரண்டு. ஒன்று, நாளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் பின்தங்குகிறது. இரண்டு, இரவில் முழுச் சாவி கொடுத்தாலும் மறுநாள் சாயங்காலம் வரைகூடத் தாங்காமல் சில நாள் நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவது குறையை நான் அழுக்கின் கணக்கில் எழுதிவிட்டேன். அது வேறு கணக்கு.

கழற்றுவதற்கு முன்னால் டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்தேன். மைக் மீது வாட்ச்சை வைத்தால் அதன் தட்டுச் சத்தத்தைக் கேட்டு, நாளுக்கு எத்தனை நொடி கூடுகிறது குறைகிறது என்றும், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்றும் சொல்கிற கருவி அது. அந்த ஆட்டத்தின் அளவைத்தான் வீச்சு என்போம். டயல் மேல்நோக்கிப் படுத்த நிலையில் நாளுக்கு 40 நொடி குறைவு, வீச்சு 205 டிகிரி. சாவிக் குமிழ் கீழே வரும்படி நிமிர்த்தி வைத்தால் 150 நொடி குறைவு, வீச்சு 165. நல்ல நிலையில் உள்ள மூவ்மென்ட் முழுச் சாவியில் படுத்த நிலையில் 270லிருந்து 310 வரை ஆட வேண்டும். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடையே 2.8 மில்லி நொடி வித்தியாசம் வேறு. ஆக, வாட்ச் இழுத்துக்கொண்டு கிடந்தது.

பிரித்ததும் கழுவியதும்

பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய தேதிகள் நாலு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. இந்தக் கீறல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். முகம் தெரியாத நாலு பேர் இதே மேஜை உயரத்தில் குனிந்து இதே ஸ்க்ரூக்களைத் திருப்பியிருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் கை கொஞ்சம் முரடு. மெயின் ஸ்பிரிங் அடங்கிய டப்பாவான பேரலை மேலிருந்து பிடித்து நிற்கும் பாலத்தின் ஸ்க்ரூ ஒன்றில் காடி வழுக்கி உதடு கிழிந்திருந்தது. தடிமன் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டால் வருகிற காயம் அது.

முதல் வேலை, வாட்ச்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங்கில் ஏறியிருக்கிற சாவியை இறக்கிவிடுவது. கொக்கியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சாவிக் குமிழை விரல்களுக்கு நடுவே மெதுவாக நழுவ விட வேண்டும். இதைச் செய்யாமல், சக்கரங்களைத் தட்டுக்குத் தட்டு நிறுத்தி விடுகிற கவட்டை வடிவப் பாகமான பேலட்டைக் கழற்றினால் சக்கரங்கள் அத்தனையும் ஒரே மூச்சில் சுழன்று பல்லோ, அச்சின் மெல்லிய முனையான பிவட்டோ போய்விடும். சாவி இறங்கும்போது விரலில் தெரிந்த இழுப்பு வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. நல்ல ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் கையை நிறுத்தி யோசித்திருக்க வேண்டும்.

பேலன்ஸைக் கழற்றினேன். பாராஷாக் கல்லைத் திறக்கிற வேலையை மட்டும் நான் எப்போதும் கண்ணாடி போன்ற ஒரு பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத்தான் செய்வேன். வாட்ச் கீழே விழுந்தால் பேலன்ஸின் மயிரிழை பிவட் உடையாமல் காக்கிற அமைப்புதான் பாராஷாக். மேலே ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதன் கீழே கடுகை விடச் சின்னதாக ஒரு கல். ஸ்பிரிங் ட்வீசரிலிருந்து தெறித்தால் அன்றைய பொழுது தரையில் தவழ்வதிலேயே போய்விடும். டயல் பக்கத்துக் கல்லை லென்ஸுக்குக் கீழே புரட்டிப் பார்த்தேன். ஆயில் காய்ந்து, பழைய தேனடை நிறத்தில் வட்டமாகப் படிந்திருந்தது. மற்றக் கற்களிலும் அதே பழுப்பு. வீச்சு 205க்கு விழுந்ததற்கு இதுவே போதும் என்று மனம் சமாதானம் ஆகிவிட்டது.

கழுவுவதில் ஒன்று சொல்ல வேண்டும். பேலட்டின் இரண்டு கற்களையும், பேலன்ஸுக்கு அடியில் நிற்கிற சின்னக் கல்லையும் ஒட்டியிருப்பது அரக்கு. நம் பாட்டிமார் கம்மலுக்குள் வைத்து அடைத்த அதே அரக்குக் குடும்பம்தான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே சக்கரங்களைக் கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசுவது போல இவற்றையும் ஊறப்போட்டால் கல் இளகிவிடும். இவற்றை வெள்ளைப் பெட்ரோலில் அலசி எடுத்து உலர விடுவதே என் வழக்கம். மற்றவற்றை அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டு எடுத்தபின், ஒவ்வொரு கல்லின் துளையிலும் கூராகச் சீவிய மரக்குச்சியை விட்டுத் திருப்பினேன். குச்சியின் முனை பழுப்பாக வரும். மறுபடி சீவி, மறுபடி திருப்ப வேண்டும். முனை வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக் கூடாது. மெஷின் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் இந்த வேலைக்கு மாற்று இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

பேரலைத் திறந்தேன். மெயின் ஸ்பிரிங் வெள்ளிபோல் பளபளவென்று, வளைவு கெடாமல், புதிதுபோல் இருந்தது. துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி, அதையே திரும்ப ஏற்றினேன். தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. எடுத்து அளக்கவில்லை.

பூட்டும்போது வேகமாகச் சுழலும் பிவட்களுக்கும் பேலன்ஸ் கற்களுக்கும் மோபியஸ் கம்பெனியின் 9010 ஆயில், பேரல் பக்கம் கனமான ஆயில், பேலட் கற்களின் முகத்தில் 9415 கிரீஸ். பேலட்டின் பிவட்களுக்கு ஆயில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. பேலன்ஸைத் திருப்பி இழுக்கிற ஹேர் ஸ்பிரிங்கின் நடு வளையமான கொலெட்டை ஒரு நூலளவு திருப்பி, டிக்-டாக் வித்தியாசத்தை 0.6க்குக் கொண்டுவந்தேன். டயலைத் தொடவில்லை. ஓரத்தில் மங்கல் உண்டு, அது அப்படியே இருக்கட்டும். பழைய எச்எம்டி டயலைப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கி விற்கிற வேலை இப்போது நிறைய நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

அப்புறம் சோதனை. பதினைந்து சுற்று சாவி கொடுத்து மைக்கில் வைத்தேன். வீச்சு 290, நாளுக்கு 6 நொடி கூடுதல். திரையில் புள்ளிகள் நேர்க்கோடாக விழுந்தன. இரண்டு நாள் என் கையில் கட்டினேன். முதல் நாள் இருபது நொடி கூடுதல், மறுநாள் ஐம்பது. இரண்டு நாளும் ஒரே அளவாக இல்லையே என்று ஒரு உறுத்தல் இருந்தது. கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதால் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது

மறுபடி மேஜைக்கு. முதலில் காந்தம். சின்னத் திசைகாட்டியை மூவ்மென்ட் மேல் நகர்த்தினேன், முள் அசையவில்லை. அடுத்து ஹேர் ஸ்பிரிங். ஆயில் பட்டு இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி வாட்ச் பறக்கும். லென்ஸில் பார்த்தேன். சுற்றுகள் தனித்தனியாக, சுவாசிப்பதுபோல் ஒரே சீராக விரிந்து சுருங்கின. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரின் ஊசிகளுக்கு நடுவேயும் சுத்தம். டைம்கிராஃபரில் 280 டிகிரி, 5 நொடி. ஒரு குறையும் இல்லை.

காந்தமோ ஒட்டிய ஸ்பிரிங்கோ இருந்தால் பகல் இரவு பார்க்காது, எந்நேரமும் வேகம் காட்டும். இது இரவில் மட்டும். அப்படியென்றால் இரவில் அந்த வாட்ச்சுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டாக வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன்.

“எப்போ சாவி கொடுப்பீங்க ஐயா?”

“படுக்கும்போதுதான். மில்லுல ராத்திரி ஷிப்டு சங்கு ஊதும்போது கொடுத்துப் பழக்கம். இப்பவும் அந்த நேரத்துக்குக் கை தானா போயிடுது.”

“முழுசா கொடுப்பீங்களா?”

“இனி திரும்பாதுங்கிற வரைக்கும். கொடுத்துட்டு இங்கன வச்சிருவேன்.” கட்டில் தலைமாட்டில் இருந்த மர ஸ்டூலைத் தட்டிக் காட்டினார்.

முழுச் சாவி. உடனே டயல் மேலே பார்க்க, தட்டையாக, ஆடாமல் அசையாமல் விடியும்வரை. கடையில் இந்த நிலையை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பதினைந்து சுற்றோடு நிறுத்தியிருந்தேன். கையில் கட்டியபோதோ வாட்ச் எப்போதும் சாய்ந்தும் நிமிர்ந்தும்தான் இருந்தது.

அங்கேயே, அந்த ஸ்டூலில், முழுச் சாவி கொடுத்து வைத்தேன். காதைக் கிட்டே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. டிக் டிக் என்று வர வேண்டிய சத்தம் குதிரை பாய்கிற மாதிரி தடதடவென்று வந்தது. கடைக்கு எடுத்து வந்து மைக்கில் வைத்தபோது, கோடாக விழ வேண்டிய புள்ளிகள் திரை முழுக்கக் கடுகைக் கொட்டினாற்போல் சிதறின. வேகம் கருவியின் எல்லையைத் தாண்டியிருந்தது. வாட்ச்சை நிமிர்த்திப் பிடித்தேன், புள்ளிகள் கோடாகிவிட்டன. படுக்க வைத்தேன், மறுபடி கடுகு.

என்ன நடந்தது

பேலன்ஸுக்கு அடியில் நிற்கிற சின்னக் கல், ஒவ்வொரு ஆட்டத்திலும் பேலட்டின் கவட்டைக்குள் புகுந்து, அதை ஒதுக்கி, பதிலுக்கு ஒரு தள்ளு வாங்கிக்கொண்டு மறுபக்கம் போகும். வீச்சு 300 டிகிரி வரை இருந்தால் கல் சுற்றி வந்து கவட்டையின் வெளிப்புறத்தை நெருங்குமுன்பே ஹேர் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுத்துவிடும். 330 வாக்கில் போனால் ஏறக்குறைய முழுச் சுற்றும் முடிந்து, கல் கவட்டையின் வெளிப்புறத்தில் போய் இடிக்கும். இடித்த பேலன்ஸ், ஹேர் ஸ்பிரிங்கின் இழுப்புக்குக் காத்திராமல் சுவரில் பட்ட பந்துபோல் திரும்பிவிடும். ஒவ்வொரு ஆட்டமும் அதன் நேரத்துக்கு முன்பே முடிகிறது, வாட்ச் முந்துகிறது. சாவி கொஞ்சம் இறங்கி வீச்சு 310க்குக் கீழே வந்ததும் இடி நின்று, வாட்ச் தன் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். இரவின் முதல் சில மணி நேரத்தில் ஏறிய ஏழெட்டு நிமிஷத்தோடு அது காலையில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது இதனால்தான்.

படுத்த நிலையில் மட்டும் ஏன்? அப்போது பேலன்ஸ் பம்பரம்போல ஒற்றை முனையில் நின்று சுழல்கிறது, உராய்வு மிகக் குறைவு. நிமிர்த்தினால் இரண்டு பிவட்களின் பக்கவாட்டும் கல்லில் உரசும். அந்த உரசலிலேயே முப்பது நாற்பது டிகிரி வீச்சு குறைந்துவிடுகிறது.

இனி அந்தப் பளபளப்பான மெயின் ஸ்பிரிங். பழைய சரக்கில் பிரிக்காத 0231 ஸ்பிரிங் ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்தேன். அகலம் ஒன்றே. தடிமனில் கழற்றியது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதல், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் மெயின் ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தடித்த ஸ்பிரிங் பேரலுக்குள் அதிக இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பேரல் சுற்ற மிச்சமிருக்கிற சுற்றுகள் குறையும், ஓடுகிற நேரமும் குறையும். முதல் நாளே பெரியவர் சொன்னாரே, முழுச் சாவி கொடுத்தும் சாயங்காலம் தாங்கவில்லை என்று. அழுக்கும் அதற்கு ஒரு காரணம்தான். மீதிக் காரணம் இந்த ஸ்பிரிங்.

முன்பு பார்த்தவர் என்ன செய்திருப்பார் என்று இப்போது விளங்கியது. ஆயில் காய்ந்து வீச்சு விழுந்த வாட்ச் அவரிடம் வந்திருக்கிறது. கழுவி ஆயில் வைப்பதற்குப் பதிலாக, வண்டி ஏறாத மேட்டுக்கு இன்னொரு மாட்டைப் பூட்டுவதுபோல, பலமான ஸ்பிரிங்கைப் பூட்டி ஓட வைத்துவிட்டார். அழுக்கும் அதிக விசையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தியபடி சில வருஷம் ஓடியிருக்கிறது. நான் அழுக்கை மட்டும் எடுத்தேன். அவருக்கு வேறு ஸ்பிரிங் கிடைத்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அளந்து பார்க்க எனக்கு வசதி இருந்தது.

இந்த இடிக்குச் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: பிவட்களில் கனமான ஆயில் வைத்தால் வீச்சு அடங்கிவிடும். அடங்கும். ஆனால் பல்லும் பிவட்டும் தாங்குகிற சுமை அப்படியேதான் இருக்கும். அந்தச் சுமையின் தடம் இந்த வாட்ச்சிலேயே இருந்தது. பேரல் சரிந்து உரசி, அடித்தகட்டில் நிலாப் பிறைபோல ஒரு மஞ்சள் கீற்று பளிச்சென்று விழுந்திருந்தது. முதல் முறையே கண்ணில் பட்டிருக்க வேண்டியது.

மாற்றியபின்

புது ஸ்பிரிங்கைக் கையால் சுற்றித் திணிக்காமல், அதற்கென்றே உள்ள வைண்டர் கருவியில் சுற்றித்தான் பேரலுக்குள் இறக்கினேன். கையால் திணித்தால் ஸ்பிரிங் கூம்புபோல் மேலேறி மூடியில் உரசும். கவட்டையின் வெளிப்புறத்தையும் அந்தச் சின்னக் கல்லையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கல் தெறிக்கவில்லை, அரக்கு விடவில்லை. இன்னும் சில மாதம் இடித்திருந்தால் இப்படிச் சொல்ல முடிந்திருக்காது.

இந்த முறை முழுச் சாவி கொடுத்து, அரை மணி நேரம் விட்டு அளந்தேன். டயல் மேலே: வீச்சு 288, நாளுக்கு 8 நொடி கூடுதல். டயல் கீழே: 284, 10 நொடி கூடுதல். சாவிக் குமிழ் கீழே: 252, 5 நொடி குறைவு. இருபத்து நாலு மணி நேரம் கழித்துப் படுத்த நிலையில் 246. நிற்கும்வரை விட்டதில் நாற்பத்தொரு மணி நேரம் ஓடியது. அப்புறம் மூன்று இரவு அவர் செய்கிறபடியே செய்தேன். பத்தரைக்கு முழுச் சாவி கொடுத்து, மேஜையில் டயல் மேலே பார்க்க வைத்து, காலையில் எழுந்ததும் போனோடு ஒப்பிட்டேன். மூன்று நாளும் நாலைந்து நொடிக்கு மேல் நகரவில்லை.

ஸ்பிரிங் விலை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் கூலியும் நீட்டினார், நான் வாங்கவில்லை.

இப்போது என் வேலைச் சீட்டில் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன்: எந்நேரம் சாவி கொடுப்பார், இரவில் எப்படி வைப்பார். மெயின் ஸ்பிரிங் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அளந்து எழுதிய பிறகுதான் பேரலை மூடுகிறேன். பெரியவரின் வாட்ச்சில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதிக விசையில் பேரல் அச்சு நிற்கிற பாலத்தின் துளை லேசாக நீள்வட்டமாகியிருக்கிறது. துளைக்குள் புஷ் என்கிற வளையம் போடுகிற அளவுக்கு இன்னும் போகவில்லை. நாலு கீறல்களுக்குக் கீழே ஐந்தாவதாக என் தேதியைப் போடும்போது, அடுத்துத் திறக்கிறவர் பார்க்கட்டும் என்று பக்கத்தில் ‘பேரல்’ என்றும் சின்னதாகக் கீறி வைத்திருக்கிறேன்.